போலந்து விவசாயிகள் பெற்ற சங்க உரிமை

சிறு விவசாயிகளின் போராட்டம் ஒரு நாட்டில் மக்களாட்சி மலரத் துணை செய்யும் என்பதற்கு ஐரோப்பாவிலுள்ள போலந்து நல்ல சான்றாகும். அங்கு 1989 வரை கம்யூனிஸ்ட் கட்சி ஆட்சி செய்தது. ஆயினும் சாகுபடி நிலத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு தனி விவசாயிகளிடமே இருந்தது. பெரும்பாலானவை சில ஹெக்டேர் பரப்புள்ள சிறு பண்ணைகள்.

நிலம் சொந்தம், ஆனால் உரமும் டிராக்டரும் அரசின் கையில். அரசுப் பண்ணைகளுக்கே முதலிடம். தம் நிலம் பிள்ளைகளுக்கு நிலைக்குமா என்ற கவலையும் விவசாயிகளுக்கு இருந்தது.

சங்கம் கேட்டனர்

1980இல் ஆலைத் தொழிலாளர்கள் 'சாலிடாரிட்டி' என்ற சுதந்திரச் சங்கத்தை அமைத்தனர். விவசாயிகளும் அவ்வாறே சங்கம் கேட்டனர். விவசாயி சம்பளம் பெறுபவர் அல்லர், சொந்தத் தொழில் செய்பவர் என்று கூறி நீதிமன்றம் மறுத்தது.

1981 ஜனவரியில் ஜெஷூவ் நகரக் கட்டடம் ஒன்றில் விவசாயிகள் உள்ளிருப்புப் போராட்டம் நடத்தினர். பிப்ரவரியில் அரசு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. நில உடைமைக்கும் வாரிசு உரிமைக்கும் அதில் உறுதி கிடைத்தது. ஆனால் சங்கத்துக்கு அனுமதி இல்லை.

மார்ச் மாதம் பிட்கோஷ்ச் நகரில், விவசாயிகளுக்காகப் பேச வந்த சங்கத்தினரைப் போலீசார் அடித்தனர். 27ஆம் தேதி நாடெங்கும் தொழிலாளர்கள் 4 மணி நேரம் வேலைநிறுத்தம் செய்தனர். மே 12 அன்று விவசாயிகள் சங்கம் பதிவாயிற்று.

தடையும் தேர்தலும்

1981 டிசம்பர் 13 அன்று ராணுவச் சட்டம் வந்தது. பின்னர் சங்கம் தடை செய்யப்பட்டது. ஆனால் எழுதி வாங்கிய உறுதி வீண் போகவில்லை. 1983இல் குடும்பப் பண்ணைகளுக்கு அரசியல் சட்டத்திலேயே பாதுகாப்பு அளிக்கப்பட்டது.

1989 ஏப்ரலில் சங்கம் மீண்டும் பதிவாயிற்று. ஜூன் தேர்தலில் சாலிடாரிட்டி அணி செனட் சபையின் 100 இடங்களில் 99ஐ வென்றது. அதுவரை ஆளுங்கட்சியுடன் இருந்த விவசாயிகள் கட்சியும் அணி மாறவே, கம்யூனிஸ்ட் அல்லாத பிரதமராக மசோவியெட்ஸ்கி பதவியேற்றார்.

கிடைத்தது என்ன?

மக்களாட்சி வந்ததும் கஷ்டம் தீர்ந்துவிடவில்லை. மானியம் குறைந்தது, கடன் ஏறியது. 1990களில் விவசாயிகள் மீண்டும் சாலை மறியலில் இறங்கினர். ஆனால் இம்முறை அவர்கள் கையில் சங்கமும் இருந்தது, வாக்குச்சீட்டும் இருந்தது. அரசை மாற்றும் வழி அவர்களுக்குத் திறந்திருந்தது.

உரத்தில் நியாயமான பங்கு, நிலத்துக்குப் பாதுகாப்பு, சொந்தச் சங்கம் ஆகியவையே அவர்கள் கேட்டவை. கோரிக்கையை எழுத்தில் பெற்றதும், நகரத் தொழிலாளரோடு கைகோத்ததும் அவர்களின் பலம். அரசுக்குக் கட்டுப்படாத ஒரு சங்கத்தை ஏற்றுக்கொண்ட அன்றே, மக்களின் குரலுக்குச் செவிசாய்க்க வேண்டிய நிலைக்கு ஆட்சி வந்துவிட்டது.