கருங்காலி: பேரைக் கேட்டிருப்பீங்க, மரத்தைத் தெரியுமா?



இந்தச் சுவர் இதழுக்கு முன்னால் இப்போது நின்றுகொண்டிருப்பவர்களில் ஒருவர் கையிலாவது கறுப்பு மணி இருக்கும். "என்னது இது?" என்று கேட்டால் "கருங்காலி!" என்று பெருமையாகப் பதில் வரும். "அது எப்படிப்பட்ட மரம்? எங்கே வளரும்? ஏன் கறுப்பா இருக்கு?" என்று அடுத்த கேள்வி கேட்டால் "அதெல்லாம் தெரியாதுப்பா, நல்லதுன்னு சொன்னாங்க" என்பார்கள். கையில் கட்டியிருக்கும் பொருளைப் பற்றி நாம் தெரிந்துகொள்ள வேண்டாமா? அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

ஒரே பேர், இரண்டு மரம்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். தமிழில் 'கருங்காலி' என்ற ஒரே பேரில் இரண்டு வேறு வேறு மரங்கள் இருக்கின்றன.

முதல் மரம், உலகமே 'எபனி' என்று சொல்லும் கறுப்பு மரம். அறிவியல் பெயர் டயோஸ்பைரஸ் எபெனம். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள காடுகளில் வளர்வது. 'சிலோன் எபனி' என்ற பேரும் இதற்கு உண்டு. முள் கிடையாது. இலை எப்போதும் பச்சையாகப் பளபளவென்று இருக்கும். இரண்டு மூன்று மாடி வீட்டை விட உயரமாக, 20 மீட்டருக்கு மேலும் வளரும்.

இரண்டாவது மரம் முள் மரம். வேல மரத்துக்குச் சொந்தக்காரன். அறிவியல் பெயர் அக்கேசியா கேட்டச்சு. சித்த மருத்துவத்தில் 'கருங்காலிப் பட்டை', 'கருங்காலிக் கட்டை' என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். வெற்றிலையோடு போடும் காசுக்கட்டி இருக்கிறதே, அது இந்த மரத்தின் வைரத்தைச் சீவித் தண்ணீரில் கொதிக்க வைத்து எடுப்பது. ஜோதிடத்தில் மிருகசீரிட நட்சத்திரத்துக்குச் சொல்லும் மரமும் இதுதான். இதன் வைரம் கறுப்பு கிடையாது. செம்பழுப்பு நிறம்.

ஆக, "கருங்காலி கறுப்பு" என்பது முதல் மரத்தின் குணம். "கருங்காலி மருந்து" என்பது இரண்டாவது மரத்தின் குணம். கடையில் இரண்டையும் ஒன்றாகக் கலந்து சொல்லி விற்கிறார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். இனி நான் சொல்லப் போவது கறுப்பு மரத்தைப் பற்றி.

ஏன் கறுப்பு? ஏன் கனம்?

கருங்காலி மரத்தை வெட்டினால் முழுவதும் கறுப்பாக இருக்காது! வெளிப்பக்கம் வெளிறிய மஞ்சள் கலந்த சாம்பல் நிறம்தான். நடுவில் இருக்கும் வைரம் மட்டுமே கறுப்பு. இளமரத்தில் அந்த வைரம் ரொம்பக் கொஞ்சமாக இருக்கும். மரத்துக்கு வயது ஏற ஏற, தண்ணீர் கொண்டுபோன பழைய குழாய்களில் கறுப்பான பிசின் போன்ற பொருள் நிரம்பி அடைத்துக்கொள்கிறது. காலியாக இருந்த இடமெல்லாம் நிரம்பிவிடுவதால்தான் அந்தக் கனம், அந்தப் பளபளப்பு, அந்த உறுதி எல்லாம். கரையானும் சீக்கிரம் அரிக்காது.

இந்த மரம் மிக மிக மெதுவாக வளரும். நல்ல பருமனான வைரம் பிடிக்க நூறு வருஷத்துக்கு மேல் ஆகும். நம்ம தாத்தாவின் தாத்தா காலத்தில் முளைத்த கன்று, இப்போதுதான் உபயோகத்துக்கு வரும் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அதன் உறுதிக்கு ஒரு சாட்சி: ஔவையார் தனிப்பாடல் ஒன்றில் கெட்டியான மரத்துக்கு உதாரணம் சொல்லும்போது கருங்காலியைத்தான் சொல்கிறார். ஆசாரிமார்களைக் கேட்டால், உளி சீக்கிரம் மழுங்கிவிடும் என்பார்கள். வேகமாகக் காயவைத்தால் வெடித்தும் போகும். அறுக்கும்போது வரும் தூள் கண்ணுக்கும் மூச்சுக்கும் ஆகாது.

பயன்கள்

1. இசைக்கருவிகள்: சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார், புல்லாங்குழல் செய்ய ஏற்றவை என்று மூங்கில், சந்தனம், வெண்கலம் இவற்றோடு கருங்காலியையும் சொல்லியிருக்கிறார். வெளிநாட்டில் வயலின், கிட்டார் இவற்றில் விரல் வைத்து அழுத்தும் பலகைக்கு எபனிதான். விரல் பட்டுப் பட்டுச் சீக்கிரம் தேயாது. அந்தக் காலத்துப் பியானோவின் கறுப்புக் கட்டைகளும் இதே.

2. வீட்டுச் சாமான்: உலக்கை, கைத்தடி, கத்திப் பிடி, சதுரங்கக் காய். இலங்கையில் கருங்காலியில் செதுக்கிய சின்ன யானைகள் ரொம்பப் பேர் பெற்றவை.

3. நாற்காலி: 17-ஆம் நூற்றாண்டில் நம்ம சோழமண்டலக் கடற்கரையில் கருங்காலியில் பூ வேலை செய்த நாற்காலிகள் செய்து கப்பலில் ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். 18-ஆம் நூற்றாண்டில் ஹொரேஸ் வால்போல் என்ற இங்கிலாந்துப் பிரபு அவற்றைத் தன் ஸ்ட்ராபெரி ஹில் மாளிகைக்கு வாங்கிப் போட்டார். அவற்றை அவர் என்ன நினைத்தார் தெரியுமா? பழைய இங்கிலாந்து ராஜாக்கள் காலத்து நாற்காலி என்று! நம்ம ஊர் ஆசாரி செய்தது என்று அவருக்குத் தெரியவில்லை.

4. தறி: இது நம்ம செல்லூருக்கு நெருக்கமான விஷயம். தறியில் குறுக்கும் நெடுக்கும் ஓடும் நாடாவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். கருங்காலியின் குடும்பத்தைச் சேர்ந்த பெர்சிமன் என்ற அமெரிக்க மரத்தில்தான் வெளிநாட்டு மில்களுக்கு ரொம்ப காலம் நாடா செய்தார்கள். ஏன் என்றால் அந்த மரம் உரச உரச இன்னும் வழவழப்பாகும், சிலும்பாது, நூலை அறுக்காது. பீடி சுற்றும் இலை தரும் மரமும் இதே குடும்பம்தான்.

உங்களுக்குத் தெரியுமா?

எபனி என்ற சொல் பழைய எகிப்து மொழியிலிருந்து வந்தது. 1922-இல் கண்டுபிடித்த துட்டன்காமுன் கல்லறையில்கூட கறுப்பு மரச் சாமான்கள் இருந்தன. ஆனால் எகிப்தியர்கள் அப்படிச் சொன்னது ஆப்பிரிக்காவில் வளரும் வேறொரு கறுப்பு மரத்தை. பேர்க் குழப்பம் நமக்கு மட்டும் இல்லை!

இன்னொன்று: வேலைநிறுத்தம் நடக்கும்போது சங்கத்தை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவரைக் 'கருங்காலி' என்று திட்டுவார்கள். மில், தறி வேலை செய்பவர்கள் வீட்டில் இதைக் கேட்டிருப்பீர்கள். அது இங்கிலீஷில் 'பிளாக்லெக்' என்று சொல்வதை 'கரிய கால்' என்று அப்படியே தமிழாக்கியது. பாவம், மரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

மாலைக்கு வருவோம்

2023 வாக்கில் சினிமா நட்சத்திரங்கள் சிலர் கழுத்தில் கருங்காலி மாலையைப் பார்த்த பிறகு, மூலைக்கு மூலை கடை வந்துவிட்டது. அதை நம்பிக்கையோடு போடுகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. நம்பிக்கை அவரவர் விருப்பம். ஆனால் கொடுக்கும் காசுக்குச் சரியான பொருள் கிடைக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

எங்கள் தெருவில் தறி ஓட்டும் அக்கா ஒருவர், சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் ஒரு தள்ளுவண்டியில் 108 மணி மாலை ஒன்றை 600 ரூபாய் கொடுத்து வாங்கினார்கள். பையனுக்கு அடிக்கடி காய்ச்சல் வருகிறது, இதைப் போட்டால் வராது என்று விற்றவர் சொன்னாராம். பத்து நாளில் அந்தத் தம்பியின் பள்ளிச் சட்டைக் காலர் எல்லாம் கறுப்புக் கறை. ஒரு மணி உடைந்தது, உள்ளே பார்த்தால் வெள்ளை வெளேர்! காய்ச்சலும் திரும்ப வந்தது. "அந்தக் காசுக்கு அன்னைக்கே ரத்தப் பரிசோதனை பண்ணியிருக்கலாம்டி" என்று அக்கா சொன்னார்கள். 600 ரூபாய் அவர்களுக்குச் சின்னக் காசு இல்லை.

அந்த மாலையை வாங்கி வந்து எங்கள் அறிவியல் டீச்சரிடம் காட்டினேன். "அடர்த்தி பாடம் படிச்சீங்கல்ல, கண்டுபிடிங்க" என்றார்கள்.

நாங்கள் செய்த சோதனை

40 மணிகளை உருவித் தராசில் வைத்தோம். எடை 13 கிராம். அளவு ஜாடியில் தண்ணீர் ஊற்றி மணிகளைப் போட்டோம். எல்லாம் மிதந்தன. மெல்லிய கம்பியால் அழுத்தித் தண்ணீருக்குள் முக்கியபோது தண்ணீர் 20 மில்லி லிட்டர் ஏறியது.

அடர்த்தி = நிறை ÷ பருமன் = 13 ÷ 20 = 0.65

அசல் கறுப்புக் கருங்காலிக்கு இந்த எண் சுமார் 0.9 முதல் 1.1-க்கு மேலும் வரும். தண்ணீருக்கு 1. தேக்குக்குச் சுமார் 0.65. அதாவது எங்கள் கையில் இருந்தது ஏதோ ஒரு சாதாரண மரம். அதற்குக் கறுப்புச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள்.

கடையில் சொல்லும் மூன்று சோதனைகளையும் டீச்சரோடு பேசிப் பார்த்தோம்:

1. "தண்ணியில முங்கினா ஒரிஜினல்": கண்ணாடி முங்கும், சில பிளாஸ்டிக்கும் முங்கும், வேறு கனமான மரங்களும் முங்கும். நன்றாகக் காய்ந்த அசல் கருங்காலியே சில சமயம் மிதக்கும். எனவே முங்குவதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. அடர்த்தியைக் கணக்குப் போட வேண்டும்.

2. "தண்ணி செவந்தா ஒரிஜினல்": காசுக்கட்டி மரம் தண்ணீரைச் சிவப்பாக்கும், உண்மை. ஆனால் அந்த மரம் செம்பழுப்பு, இவர்கள் விற்பது கன்னங்கறுப்பு! இரண்டும் எப்படிச் சேரும்? சாயம் போட்டாலும்தான் தண்ணீர் நிறம் மாறும். சாயப்பட்டறைத் தண்ணீரைப் பார்த்து வளர்ந்த செல்லூர்க்காரர்களுக்கு இதை விளக்கணுமா?

3. "கறுப்பா இருந்தா ஒரிஜினல்": ஊசி போகும் துவாரத்தின் உட்பக்கத்தைப் பாருங்கள். அசல் என்றால் உள்ளேயும் கறுப்பு. சாயம் என்றால் உள்ளே வெளுத்திருக்கும். ஈரப் பஞ்சால் தேய்த்துப் பஞ்சு கன்னங்கறுப்பானாலும் சந்தேகம்தான்.

அசலாக இருந்தால் மட்டும் சந்தோஷமா?

இதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. போலியாக இருந்தால் நம்ம காசு போகிறது. அசலாக இருந்தால் நூறு வருஷ மரம் ஒன்று போகிறது.

ஆப்பிரிக்காவில் கேமரூன் என்று ஒரு நாடு. அங்கே எபனி மரம் அறுக்கும் ஆலை ஒன்றை 2011-இல் அமெரிக்காவின் டெய்லர் கிட்டார் கம்பெனி இன்னொரு கம்பெனியோடு சேர்ந்து வாங்கியது. அதன் நிறுவனர் பாப் டெய்லர் அங்கே போன பிறகுதான் ஒரு விஷயம் தெரிந்தது. காட்டில் நிற்கும் மரத்தைப் பார்த்தால் உள்ளே முழுக் கறுப்பா, வரி வரியா என்று தெரியாது. வெட்டினால்தான் தெரியும். வாங்குபவர்கள் முழுக் கறுப்புதான் வேண்டும் என்று கேட்டதால், பத்து மரம் வெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு மீதி ஒன்பதைக் காட்டிலேயே போட்டுவிட்டு வந்தார்களாம்! அதன் பிறகு அந்தக் கம்பெனி வரி விழுந்த மரத்தையும் கிட்டாருக்கு எடுத்துக்கொண்டது, புதிதாகக் கன்றுகளும் நட ஆரம்பித்தது. வரி விழுந்த கிட்டார் வாசித்தால் சத்தம் ஒன்றும் குறையவில்லை. "கறுப்பாத்தான் வேணும்" என்ற நம்ம பிடிவாதம்தான் ஒன்பது மரத்தை வீணாக்கியிருக்கிறது.

மடகாஸ்கர் தீவின் எபனி மரங்கள் 2013 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கின்றன. இந்தியாவிலும் இலங்கையிலும் கருங்காலிக் கட்டையை வெளிநாட்டுக்கு விற்கச் சட்டக் கட்டுப்பாடு உண்டு. இவ்வளவு அரிதான மரம், நூறு வருஷம் வளர்ந்தால்தான் வைரம் தரும் மரம், நம்ம ஊரில் ஒவ்வொரு தள்ளுவண்டியிலும் கூடை கூடையாக எப்படி வந்து குவியும்? இந்த ஒரு கேள்வியைக் கேட்டாலே பாதி பேர் ஏமாற மாட்டோம்.

நாம் என்ன செய்யலாம்?

* வாங்குவதற்கு முன் "இது முள் மரமா, கறுப்பு மரமா?" என்று கேளுங்கள். கடைக்காரருக்கே தெரியவில்லை என்றால் காசை எடுக்காதீர்கள்.
* உடம்புக்கு முடியவில்லை என்றால் முதலில் ஆஸ்பத்திரி. மாலை அப்புறம்.
* வீட்டில் பழைய உலக்கையோ கைத்தடியோ கருங்காலியில் இருந்தால் பழசு என்று தூக்கிப் போடாதீர்கள். அது உங்கள் வீட்டில் இருக்கும் நூறு வருஷம்.
* கருங்காலிக் கன்று கிடைத்தால் வாங்கி நடுங்கள். அதன் வைரத்தை நாம் பார்க்கப் போவதில்லை. நம்ம பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் பார்ப்பார்கள். நிழல் மட்டும் நமக்கு.

சோதனை செய்து பார்க்க விருப்பம் உள்ளவர்கள் மாலையோடு மதிய இடைவேளையில் லேபுக்கு வரலாம். டீச்சரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். மணிகளைத் திரும்பக் கோர்த்துக் கொடுப்பது என் பொறுப்பு!

மரம் வளர்ப்போம்! மதியால் வாழ்வோம்!



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி