குரங்கணித் தீயும் வாசலில் எரியும் சருகும்

மாசி பிறந்தால் என் புறநோயாளர் பிரிவில் மூச்சிரைப்போடு வருவோரின் வரிசை நீள்கிறது. நகரியத்து மரங்கள் இலையுதிர்க்கும் காலம் அது. சுற்றுவட்டார முந்திரித் தோப்புகளிலும் சருகு கணுக்கால் உயரம் கிடக்கும். கூட்டிக் குவித்ததை அந்தியில் கொளுத்திவிடுவது நம் பழக்கம். அப்படி எழுந்த புகையால் ஓரிரவு முழுதும் உறக்கமின்றித் தவித்த ஒருவரை அவர் மனைவி அழைத்து வந்தார். மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டவர், "டாக்டர், ஒரு குப்பைத் தீக்கே இப்படியென்றால் காடு எரியும்போது என்ன ஆகும்? மூங்கில் உரசித்தானே காடு எரிகிறது?" என்று கேட்டார். அவசரத்தில் அன்று சொல்ல இயலாத விடையே இக்கட்டுரை.

மூங்கில் உரசல் நம் கதைகளில் ஆழ வேரூன்றிய செய்தி. ஆனால் இந்தியக் காடுகளில் பற்றும் தீயில் மிகப் பெரும்பகுதி மனிதர் கையிலிருந்து தொடங்குவது என்பதே வனத்துறையினரின் அனுபவம். மின்னலும் காட்டைக் கொளுத்தும். 2020 ஆகஸ்டில் கலிபோர்னியாவில் மழையின்றி விழுந்த மின்னல்கள் நூற்றுக்கணக்கான இடங்களில் தீ மூட்டின. நம் பகுதியிலோ இடி பெரும்பாலும் மழையோடு சேர்ந்தே வருவதால் அத்தகைய தீ அரிது.

அப்படியானால் இயற்கைக்குப் பங்கே இல்லையா? உண்டு. பொறியை மனிதன் தருகிறான். அது அணைவதா, மலையை விழுங்குவதா என்பதை இயற்கை முடிவு செய்கிறது. பிப்ரவரி முதல் ஜூன் வரை ஈரம் வற்றிய புல், தாழ்ந்த காற்றீரம், பிற்பகலில் மலைச்சரிவில் மேலேறும் காற்று, நிலத்தின் சாய்வு ஆகியவை ஒன்றுகூடினால் போதும். நெய்வேலிக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. குவித்துவைத்த பழுப்பு நிலக்கரி காற்றிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சித் தானே சூடேறிப் புகையத் தொடங்கும்; அதனால்தான் அதை இறுக்கி, நீர் தெளித்துக் காக்கிறார்கள். அதுவும் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மண்ணுள் புதைந்த காடுதானே!

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலையில், கொழுக்குமலைக்குச் சென்று திரும்பிக்கொண்டிருந்த முப்பதுக்கும் மேற்பட்ட மலையேற்றக் குழுவினர் தீயில் சிக்கினர். மகளிர் நாளையொட்டிச் சென்னையிலிருந்து சென்ற இளம்பெண்கள் அவர்களில் பலர். காய்ந்த புல் மூடிய சரிவு; காற்று வீசிக்கொண்டிருந்தது. தப்ப ஓடியவர்களில் சிலர் பள்ளத்தில் விழுந்தனர். ஊர் மக்களே முதலில் ஏறிச்சென்று, காயமுற்றோரைத் துணியில் கட்டிச் சுமந்து இறக்கினார்கள். பின்னர் விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. இறந்தோர் எண்ணிக்கை இருபதைத் தாண்டியது.

சரிவு பத்துப் பாகை கூடுந்தோறும் மேல்நோக்கிச் செல்லும் தீயின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது தீயணைப்போர் வைத்திருக்கும் கணக்கு. சுவாலை மேலே உள்ள புல்லை முன்கூட்டியே உலர்த்திச் சூடாக்கிவிடுகிறது. ஆகவே தீக்கு மேலே நிற்பவர் உச்சியை நோக்கி ஓடி வெல்வது கடினம். பக்கவாட்டில் விலகி, பாறைவெளிக்கோ ஏற்கெனவே எரிந்து அடங்கிய நிலத்துக்கோ செல்வதே வழி. நைலான் உடை உருகித் தோலில் ஒட்டும். மலைக்குப் பருத்தி உடுத்திச் செல்லுங்கள்.

குரங்கணியில் எண்ணிக்கை ஒரே நாளில் நின்றுவிடவில்லை. மதுரையிலும் பிற இடங்களிலும் சிகிச்சை பெற்றவர்கள் நாள்கள் கழித்தும் இறந்தனர். செய்தியில் படித்த பலர் 'பேசிக்கொண்டிருந்தவர் எப்படி இறந்தார்?' என வியந்தனர். தோல் என்பது நம் உடலின் மதில். அது பரவலாக எரிந்தால் முதல் இரு நாள்களில் உடல்நீர் கசிந்து இரத்த அழுத்தம் சரிகிறது. அதைக் கடந்தவரை அடுத்த வாரங்களில் கிருமித்தொற்று தாக்குகிறது. புகை வேறு உண்டு. அதிலுள்ள கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். தீப்புண் சிறிதாயிருந்தும் குரல் கம்மினால், சளியில் கரி தெரிந்தால், மூச்சுக்குழல் வெந்திருக்கிறது என்று பொருள். காலந்தாழ்த்தாமல் 108-ஐ அழையுங்கள்.

தீப்பட்ட இடத்தில் ஓடும் குழாய்நீரை இருபது நிமிடம் விடுங்கள். பனிக்கட்டி, பற்பசை, மை, மாவு எதுவும் வேண்டாம். நான் பார்க்கும் தீப்புண்களில் பற்பசையைச் சுரண்டி எடுப்பதற்கே பாதி நேரம் போய்விடுகிறது!

இன்று செயற்கைக்கோள் காட்டுத்தீயைக் கண்டதும் இந்திய வன அளவை நிறுவனத்தின் எச்சரிக்கை குறுஞ்செய்தியாக வந்துவிடுகிறது. கோடைக்கு முன்பே புல்லகற்றித் தீத்தடுப்புக் கோடுகள் வெட்டுகிறார்கள். பீடித்துண்டுக்கும், புதுப்புல் துளிர்க்கட்டும் என வைக்கும் தீக்கும், அணைக்காமல் விட்ட அடுப்புக்கும் எந்தச் செயற்கைக்கோளும் முன்கூட்டி எச்சரிக்க இயலாது.

அந்த அம்மையார் சென்ற வாரம் மறுபரிசோதனைக்குக் கணவரோடு வந்திருந்தார். அண்டை வீட்டாரிடம் பேசிக் கொல்லையில் பொதுவாக ஒரு குழி வெட்டி, இரு வீட்டுச் சருகையும் அதில் இட்டு மண் மூடுகிறார்களாம். கணவருக்கு இரவு இன்ஹேலர் இப்போது ஒருமுறைதான் தேவைப்படுகிறது.