ஃப்ளாப்பி இல்லாம பயாஸ் அப்டேட்: திருவொற்றியூர் எடைமேடையில் நான் பட்ட பாடு

(பேச்சின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

பழைய கம்ப்யூட்டர் வெச்சிருக்கிறவங்க அடிக்கடி கேக்கிற கேள்வி ஒண்ணு இருக்கு. "பயாஸ் அப்டேட் பண்ணணும். போர்டு கூட வந்த புத்தகத்தில் ஃப்ளாப்பியில் காப்பி பண்ணுன்னு போட்டிருக்கு. என்கிட்ட ஃப்ளாப்பி டிரைவே இல்லை. என்ன செய்யறது?"

இதுக்கு ரெண்டு நிமிஷத்துல பதில் சொல்லிடலாம். அந்த ரெண்டு நிமிஷப் பதிலை நம்பித்தான் நான் 2016-இல் ஒருத்தரோட பிழைப்பை ஒரு சனிக்கிழமை சாயங்காலத்திலிருந்து திங்கள் சாயங்காலம் வரைக்கும் நிறுத்தி வெச்சேன். அதனால கதையைச் சொல்லிட்டே பதிலையும் சொல்றேன்.

எண்ணூர் விரைவுச் சாலையில போயிருக்கீங்களா? ஒரு பக்கம் கடல், கல்லு கொட்டி வெச்சிருப்பாங்க. இன்னொரு பக்கம் துறைமுகத்துக்குப் போற கண்டெய்னர் லாரி வரிசையா நிக்கும். அந்தப் பகுதியில, திருவொற்றியூர் பக்கமா, ஒரு அண்ணன் எடைமேடை வெச்சிருந்தார். லாரி மேல ஏறும், எடை பார்த்து மூணு காப்பி சீட்டு அடிச்சுக் கொடுப்பாங்க. அந்த வருஷம் ஜூலை 1-ஆம் தேதியிலிருந்து உலகம் பூரா ஒரு விதி வந்துச்சு. சரக்கு ஏத்தின கண்டெய்னரோட மொத்த எடையைச் சரிபார்த்துச் சொல்லாம கப்பலில் ஏத்தக் கூடாதுன்னு. வி.ஜி.எம். என்பாங்க. அதனால அண்ணனுக்கு நல்ல வேலை.

அந்த எடைமேடையை ஓட்டினது 1999-ஆம் வருஷத்துக் கம்ப்யூட்டர். விண்டோஸ் 98, அதுக்கு மேல டாஸ்ல எழுதின ஒரு எடை புரோகிராம். எழுதிக் கொடுத்தவர் எங்கே போனார்னு யாருக்கும் தெரியாது. எடை காட்டுற இண்டிகேட்டர் சீரியல் போர்ட்ல மாட்டியிருக்கு, டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் பேரலல் போர்ட்ல. புதுக் கம்ப்யூட்டர் வாங்குங்கன்னு சொல்றது சுலபம். வாங்கினா அந்தப் புரோகிராம் ஓடாது.

ஃப்ளாப்பி டிரைவ் அதிலயும் ஒண்ணு இருந்தது. பேருக்குத்தான். ஃப்ளாப்பி டிரைவுக்கு வாய் எப்பவும் திறந்தே இருக்கும். உள்ளே ஹெட் நேரா டிஸ்க் மேலயே உரசும். உப்புக் காத்து, டீசல் புகை, லாரி கிளப்புற புழுதி எல்லாம் பதினேழு வருஷமா உள்ளே போனா என்ன மிஞ்சும்? துருதான். கழட்டி எப்பவோ போட்டுட்டார்.

ஒரு நாள் ஹார்ட் டிஸ்க் கரகரன்னு சத்தம் போட ஆரம்பிச்சது. முழுசா சாகிறதுக்குள்ள என் வீட்டுக் கம்ப்யூட்டர்ல மாட்டி எல்லாத்தையும் காப்பி எடுத்துட்டேன். அது வரைக்கும் நான் புத்திசாலி. ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய 40 ஜிபி ஐடிஇ டிஸ்க் ஒண்ணு வாங்கி, எல்லாத்தையும் அதுல போட்டு, கொண்டு வந்து மாட்டினேன். கம்ப்யூட்டர் மெமரியை எண்ணுச்சு, டிஸ்கைத் தேட ஆரம்பிச்சது, அப்படியே நின்னுடுச்சு. கீபோர்டு கூட வேலை செய்யல.

இது தெரிஞ்ச வியாதிதான். 1999 நடுவுக்கு முந்தின பல அவார்டு பயாஸ்ல ஒரு கணக்குத் தப்பு உண்டு. டிஸ்கோட சிலிண்டர் எண்ணிக்கை 65,535-ஐத் தாண்டினா பயாஸ் குழம்பிடும். அந்த எண்ணிக்கையை 16 ஹெட், 63 செக்டர், 512 பைட்டால பெருக்கிப் பாருங்க, ஏறக்குறைய 33.8 ஜிபி வரும். 40 ஜிபி அதைத் தாண்டிடுது. போர்டு கம்பெனி இதைச் சரி பண்ணி அப்பவே புது பயாஸ் போட்டிருந்தாங்க, எனக்கு ஃபைலும் கிடைச்சது. அதைச் சிப்புல ஏத்தணும். அவ்வளவுதானேன்னு நினைச்சேன்.

இப்போ அந்த ரெண்டு நிமிஷப் பதில். பயாஸை எழுதுற புரோகிராமுக்கு ஃப்ளாப்பி தேவையில்லை. அதுக்குத் தேவை வெறும் டாஸ். மேலே வேற எந்த டிரைவரும் ஏறாத சுத்தமான டாஸ். அந்தக் காலத்துல சுத்தமான டாஸுக்குச் சுலபமான வழி ஃப்ளாப்பி, அதனால புத்தகத்தில் அப்படி எழுதினாங்க. ஃப்ரீடாஸ் இலவசமாவே கிடைக்குது. அதை எதுல போட்டு பூட் பண்ணினாலும் சரி.

2003, 2004-க்குப் பிறகு வந்த போர்டா இருந்தா பென் டிரைவ் போதும். ரூஃபஸ்னு ஒரு புரோகிராம் ஃப்ரீடாஸ் பென் டிரைவைத் தானே தயார் பண்ணிக் கொடுக்கும். பயாஸ்ல யுஎஸ்பி-எஃப்டிடி, யுஎஸ்பி-ஜிப், யுஎஸ்பி-எச்டிடின்னு மூணு பேர் இருந்தா ஒவ்வொண்ணா மாத்திப் பாருங்க, ஒண்ணு பிடிக்கும். அதுக்கு முந்தினதுன்னா சீடி. 1.44 எம்பி ஃப்ளாப்பி இமேஜை வெச்சு பூட் சீடி எழுதினா, கம்ப்யூட்டர் அந்தச் சீடியையே A டிரைவ்னு நம்பிடும். இதுல ஒரு குறை: சீடியில் எழுத முடியாது. எழுதற புரோகிராம் "பழைய பயாஸைச் சேமிக்கட்டுமா"ன்னு கேக்கும், நீங்க ஆமான்னு சொன்னாலும் சேமிக்க இடம் இருக்காது. அதனால எனக்குப் பிடிச்ச வழி சின்ன ஹார்ட் டிஸ்க். காயலாங்கடையில் கிடைக்கிற 4 ஜிபி டிஸ்கை வேற கம்ப்யூட்டர்ல மாட்டி, ஃபேட் ஃபார்மேட் பண்ணி, ஃப்ரீடாஸ் ஏத்தி, பயாஸ் ஃபைலையும் எழுதற புரோகிராமையும் காப்பி பண்ணி, பழைய கம்ப்யூட்டர்ல மாட்டிட வேண்டியது. ஃபைல் பேர் எட்டு எழுத்துக்குள்ள இருக்கணும்.

அதுக்கு முன்னாடி சரியான ஃபைல்தானான்னு பார்க்கணும். போர்டு மேலயே மாடல் பேரும் ரெவிஷன் நம்பரும் அச்சடிச்சிருக்கும். மாடல் ஒண்ணா இருந்து ரெவிஷன் வேறயா இருந்தா ஃபைலும் வேறயா இருக்கலாம். ஆன் பண்ணின உடனே பாஸ் கீயை அழுத்தினா ஸ்கிரீன் நிக்கும், அடியில ஒரு நீள வரி இருக்கும். தேதி, சிப்செட், போர்டு கம்பெனியோட குறியீடு எல்லாம் அதுல உண்டு. எழுதி வெச்சுக்கோங்க. ஃபைல் அளவையும் பாருங்க. 2 மெகாபிட் சிப்புக்கு 262,144 பைட். ஒரு பைட் கூடக் குறைய இருந்தாலும் தொடாதீங்க.

இதெல்லாம் நான் ஒழுங்கா செஞ்சேன். சனிக்கிழமை சாயங்காலம் 4 ஜிபி டிஸ்கில் டாஸ் வந்தது. பழைய பயாஸை அதுலயே சேமிச்சேன். புதுசை எழுதச் சொன்னேன். திரையில கட்டம் கட்டமா நகருது. அண்ணன் பின்னாடி நின்னு டீ குடிக்கிறார்.

பக்கத்து ஷெட்ல வெல்டிங் போட்டாங்க. லைட் ஒரு தடவை மங்குச்சு. யுபிஎஸ் "டிக்"னு ஒரு சத்தம், அதோட சரி. அந்த யுபிஎஸ் பேட்டரி எப்பவோ உப்பிப் போயிருக்கு. சுவத்துல இருக்கிற பிளக்கைப் பிடுங்கி ஒரு நிமிஷம் சோதிச்சுப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். நான் பார்க்கல. எழுதி முடிக்க ஒரு நிமிஷம் கூட ஆகாது, அதுக்குள்ள என்ன ஆயிடப்போகுதுன்னு ஒரு நினைப்பு.

மறுபடி ஆன் பண்ணினா திரை கறுப்பு.

"இன்னா தம்பி, செத்துப் போச்சா?"

"இல்லண்ணே, பார்க்கலாம்"னேன். செத்துத்தான் போயிருந்தது.

இங்கேதான் ஃப்ளாப்பியோட உண்மையான வேலை எனக்குப் புரிஞ்சது. பயாஸ் சிப்புல பூட் பிளாக்னு ஒரு சின்னப் பகுதி உண்டு. சாதாரணமா அப்டேட் அதைத் தொடாது. மத்த பகுதி கெட்டுப் போனா அது விழிச்சுக்கிட்டு உதவி தேடும். அந்தக் கால அவார்டு பூட் பிளாக்குக்குத் தெரிஞ்ச ஒரே இடம் ஃப்ளாப்பி டிரைவ். சீடி தெரியாது, ஹார்ட் டிஸ்க் தெரியாது. பல போர்டுல ஏஜிபி டிஸ்ப்ளே கார்டைக் கூடத் தெரியாது, அதனாலதான் திரை கறுப்பு. அமெரிக்கன் மெகாடிரெண்ட்ஸ் பயாஸா இருந்தா கன்ட்ரோல், ஹோம் ரெண்டையும் அழுத்திக்கிட்டு ஆன் பண்ணணும், அதுவும் ஃப்ளாப்பியில்தான் ஃபைலைத் தேடும். அதாவது ஃப்ளாப்பி இல்லாம அப்டேட் பண்ணலாம். அப்டேட் பாதியில நின்னா ஃப்ளாப்பி இல்லாம காப்பாத்த முடியாது. கேள்வி கேக்கிறவங்க முதல் பாதியை மட்டும் கேக்கிறாங்க, பதில் சொல்றவங்களும் அதோட நிறுத்திடறாங்க.

ராயபுரத்துல ஒரு நண்பர் பரண் மேலிருந்து ஃப்ளாப்பி டிரைவ் ஒண்ணு எடுத்துக் கொடுத்தார். மாட்டினதும் லைட் எரிஞ்சது. சந்தோஷமா இருந்தது, ஏன்னா பூட் பிளாக் உயிரோட இருக்குன்னு அர்த்தம். ஆனா ஃப்ளாப்பி? சோனி ஜப்பானில் விற்பனையை 2011 மார்ச்சோடயே நிறுத்திடுச்சு. கிடைச்ச மூணுல ரெண்டு பூஞ்சை, ஒண்ணு பாதியில படிக்க மாட்டேங்குது. ராத்திரி பதினொண்ணு வரைக்கும் போராடிட்டு விட்டுட்டேன்.

ஞாயித்துக்கிழமை. ரிச்சி ஸ்ட்ரீட்டில் நான் தேடின கடை மூடியிருந்தது. எடைமேடையில இண்டிகேட்டர் தனியா எடை காட்டுது, அண்ணன் கையால சீட்டு எழுதிக் கொடுத்துப் பார்த்தார். கண்டெய்னர்காரங்க அச்சடிச்ச சீட்டு வேணும்னு அடுத்த எடைமேடைக்குப் போயிட்டாங்க. அவர் என்னை ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தா பரவாயில்லைன்னு தோணுச்சு.

திங்கள் காலையில சிப்பைப் பிடுங்கினேன். நல்ல வேளை, 32 கால் உள்ள நீளச் சிப், சாக்கெட்ல உக்காந்திருந்தது. ஸ்க்ரூடிரைவரால ஒரு பக்கமே நெம்பினா கால் உடையும். ரெண்டு பக்கமும் மாத்தி மாத்திக் கொஞ்சம் கொஞ்சமா தூக்கணும். சிப்போட ஒரு முனையில அரைவட்டமா ஒரு வெட்டு இருக்கும், அது எந்தப் பக்கம் இருந்ததுன்னு எடுக்கும் முன்னாடியே போட்டோ எடுத்துக்கோங்க.

சிப் புரோகிராமர் வெச்சிருக்கிற கடைக்காரர் சிப்பை மெஷின்ல மாட்டினார், அழிச்சார், என் பென் டிரைவ்ல இருந்த ஃபைலை எழுதினார், திருப்பிப் படிச்சு ரெண்டும் ஒண்ணான்னு சரிபார்த்தார். மொத்தமே ரெண்டு மூணு நிமிஷம். மின்சாரம் போனாலும் பயமில்லை, மறுபடி எழுதிக்கலாம். ஏன் இந்த பயாஸ்னு கேட்டார். சொன்னேன். "டிஸ்க் பின்னாடி 32 ஜிபி ஜம்பர் போட்டுப் பார்த்தீங்களா?"ன்னார்.

பார்க்கல. அந்தக் கால டிஸ்க் பலதுல ஒரு ஜம்பர் இடம் மாத்தினா டிஸ்க் தன்னை 32 ஜிபின்னு காட்டிக்கும். லேபிளிலேயே படம் போட்டிருக்கும். எங்க டிஸ்கிலயும் போட்டிருந்தது. எடை புரோகிராமுக்கு ஒரு ஜிபி கூட வேண்டாம். அப்டேட்டே தேவைப்பட்டிருக்காது. அந்த 4 ஜிபி டிஸ்கிலயே ஓட்டியிருக்கலாமேன்னு நீங்க கேட்டாலும் எனக்குப் பதில் இல்லை. (சிரிப்பு)

சிப்பை மாட்டினதும் கம்ப்யூட்டர் வந்துடுச்சு, 40 ஜிபி டிஸ்கும் தெரிஞ்சது. லாரி மேல ஏறுச்சு. இண்டிகேட்டர்ல எடை இருக்கு, கம்ப்யூட்டர்ல பூஜ்யம். அண்ணன் என்னைப் பார்க்கிறார். புது பயாஸ் வந்ததும் பழைய செட்டிங் எல்லாம் போயிடும். சீரியல் போர்ட் "ஆட்டோ"ல நின்னிருந்தது. பழைய டாஸ் புரோகிராமுக்கு காம்1 என்றால் 3எஃப்8, ஐஆர்க்யூ 4, வேற பேச்சே கிடையாது. அதைப் போட்டேன். பேரலல் போர்ட்டையும் பழைய மோடுக்கு மாத்தினேன். எடை வந்தது, பிரிண்டர் கத்துச்சு. அப்டேட்டுக்கு முன்னாடி பயாஸ் செட்டப்ல ஒவ்வொரு பக்கத்தையும் போன்ல போட்டோ எடுத்து வெச்சிருந்தா அந்த அரை மணி நேரமும் மிச்சம்.

இப்போ யாராவது கேட்டா நான் சொல்றது இதுதான். முதல்ல ஜம்பர் மாதிரி சுத்து வழி இருக்கான்னு பாருங்க. அப்டேட் பண்ணியே ஆகணும், சிப் சாக்கெட்ல இருக்குன்னா, போர்டுல வெச்சு எழுதாதீங்க. அதே வகை சிப் இன்னொண்ணு வாங்கி, வெளியே எழுதி, மாத்திப் போடுங்க. பழைய சிப் அப்படியே பத்திரமா இருக்கும். 2006, 2007-க்குப் பிறகு வந்த போர்டுல எட்டுக் கால் சின்னச் சிப் இருக்கும், அதுக்கு சிஎச்341ஏன்னு மலிவான புரோகிராமர் போதும். ஆனா கறுப்பு போர்டு மாடல் சிலது 3.3 வோல்ட் சிப்புக்கு 5 வோல்ட் அனுப்பிடும், மீட்டர் வெச்சுப் பார்த்துட்டுத் தொடுங்க. அந்த நீளச் சிப்புக்கு இது உதவாது, டிஎல்866 மாதிரி பெரிய புரோகிராமர் வேணும். சிப் சாக்கெட் இல்லாம சால்டர் பண்ணியிருந்தா, வேலை செய்யற ஃப்ளாப்பி டிரைவும், படிச்சுப் பார்த்த ரெண்டு ஃப்ளாப்பியும், நல்ல யுபிஎஸ்ஸும் கையில வர்ற வரைக்கும் காத்திருங்க.

அன்னிக்குக் கடைக்காரர்கிட்ட அதே மாதிரி இன்னொரு சிப்பும் எழுதி வாங்கிட்டு வந்தேன். ஒரு தீப்பெட்டியில வெச்சு, கேபினெட் உள்பக்கம் செல்லோடேப் போட்டு ஒட்டினேன். அண்ணன் கிட்ட காசு வாங்கல. அவர் விடல, பக்கத்துக் கடையில மத்தி மீன் சோறு வாங்கிக் கொடுத்துத்தான் அனுப்பினார்.

உங்க போர்டு பத்திச் சந்தேகம் இருந்தா மாடல், ரெவிஷன் நம்பர், அந்த அடி வரி, மூணையும் சேர்த்து எழுதுங்க. சிப் போட்டோ இருந்தா இன்னும் நல்லது.