தாமிரபரணி மரணங்களும் விசாரணைக் கமிஷனும்

மாஞ்சோலை மலைமேல் தேயிலை எஸ்டேட்டில் கூலி உயர்வு கேட்டுப் போராடிச் சிறைப்பட்ட அறுநூறுக்கும் மேற்பட்ட தொழிலாளரை விடுவிக்க வேண்டும் என்று ஒரு மனுவை எடுத்துக்கொண்டு, புதிய தமிழகம் கட்சித் தலைவர் டாக்டர் கிருஷ்ணசாமியும் தமிழ் மாநில காங்கிரஸ் முதலிய கட்சிகளின் பிரமுகர்களும் முன்னே செல்ல, ஆண்களும் பெண்களும் கைக்குழந்தைக்காரிகளுமாக ஒரு பெருங்கூட்டம் 1999-ஆம் வருஷம் ஜூலை 23-ஆம் தேதி திருநெல்வேலி கொக்கிரகுளத்துக் கலெக்டர் ஆபீசை நோக்கி ஊர்வலமாக வந்தது. ஆபீஸ் தாமிரபரணியின் கரையை ஒட்டியே இருக்கிறது. போலீசார் ஊர்வலத்தைத் தடுத்தனர், வாக்குவாதம் மூண்டது, தடியடி தொடங்கியது. சாலையைப் போலீசார் அடைத்து நின்றபடியால், ஓட வேறு வழி காணாத ஜனங்கள் ஆற்றுக்குள் இறங்கினார்கள். இறங்கியவர்கள் மீது கரையிலிருந்து கல் வீசப்பட்டது. தண்ணீருக்குள்ளும் அவர்கள் அடிக்கப்பட்டார்கள். 17 பேர் மாண்டனர். அவர்களில் இருவர் பெண்கள். ஒன்று, இடுப்பை விட்டு இறங்காத பருவத்துக் குழந்தை. அன்றைய நிகழ்ச்சிகளைக் கொண்டு ஆர்.ஆர். சீனிவாசன் 'நதியின் மரணம்' என்ற ஆவணப் படத்தை எடுத்தார்.

வருஷந்தோறும் அந்தத் தேதியில் கட்சிகளும் இயக்கங்களும் ஆற்றில் மலர் தூவி அஞ்சலி செலுத்துவதும், மறுநாள் பத்திரிகைகளில் அதன் புகைப்படம் வெளிவருவதும் இப்போது ஒரு வழக்கமாகிவிட்டன. ஆனால் அந்தச் சாவுகளைச் சர்க்கார் எவ்வாறு விசாரித்தது, அவ்விசாரணையில் இறந்தவர்களின் குடும்பத்தாருக்கு என்ன ஸ்தானம் கிடைத்தது என்ற விஷயம் அஞ்சலிக் கூட்டங்களில் அதிகம் பேசப்படுவதில்லை. இன ஒதுக்கல் ஆட்சியில் மாண்டவர்களின் கணக்கைத் தென்னாப்பிரிக்கா பிற்காலத்தில் எப்படி எடுத்தது என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இவ்விஷயம் சற்றுத் தெளிவாகும்.

முதலில் மலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிங்கம்பட்டி ஜமீனுக்குரிய காட்டில் ஏறத்தாழ 8,400 ஏக்கர் 1929-ஆம் வருஷம் பம்பாய் பர்மா வர்த்தகக் கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகைக்கு விடப்பட்டது. சென்னையில் நடந்த ஒரு கொலை சம்பந்தமான வழக்கின் செலவே ஜமீனை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது என்பது அம்பாசமுத்திரம் பக்கத்தில் இன்றும் வழங்கும் பேச்சு. காட்டை அழித்து மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று எஸ்டேட்டுகள் எழுந்தன. சமவெளிக் கிராமங்களிலிருந்து, பெரும்பாலும் தேவேந்திரகுலத்தைச் சேர்ந்த ஏழை ஜனங்கள், கங்காணிகள் மூலம் மலையேற்றப்பட்டார்கள். கேரளத்திலிருந்தும் சிலர் வந்தார்கள். ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு காடு சர்க்காருடையதாயிற்று. குத்தகை மட்டும் நீடித்தது. கொழுந்து பறிக்கிற வேலை போனால் லைன் வீடும் போய்விடும் என்ற ஏற்பாட்டில் மூன்று தலைமுறைகள் வாழ்ந்தார்கள். ஒரு சென்ட் மனை சொந்தமில்லாமல், காட்டுக்குள்ளேயே பிறந்து அங்கேயே கிழமாகிப்போன அவர்களுக்குக் கூலியைப் பற்றிய தகராறு என்பது குடியிருப்பைப் பற்றிய தகராறும் ஆகும் என்பதை அறியாமல் 1999-ஆம் வருஷத்துப் போராட்டத்தை விளங்கிக்கொள்ள முடியாது.

சம்பவத்துக்குப் பின் அன்றைய தி.மு.க. சர்க்கார், சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதியாயிருந்து ஓய்வு பெற்ற எஸ். மோகன் தலைமையில் கமிஷன் ஒன்றை நியமித்தது. மாண்டவர்களில் பெரும்பாலோர் நீரில் மூழ்கி இறந்தார்கள் என்றும், போலீசார் பலாத்காரத்தைப் பிரயோகித்தது நியாயமே என்றும் கமிஷன் முடிவு கூறிற்று. நீந்தத் தெரியாத ஒருவன் எதனால் ஆற்றில் இறங்கினான் என்பதை விட்டுவிட்டு, நுரையீரலில் தண்ணீர் இருந்ததா என்பதை மாத்திரம் பார்த்தால் இம்முடிவு சரியானதாகவே தோன்றும். ஆயினும் நீதிபதி ஒருவர் மீது மட்டும் பழி சுமத்துவது இக்கட்டுரையின் நோக்கமன்று. கமிஷன் என்ற அமைப்பிலேயே ஒரு கோணல் இருக்கிறது என்பதே என் அபிப்பிராயம்.

1952-ஆம் வருஷத்து விசாரணைக் கமிஷன் சட்டத்தின்படி, எதை விசாரிப்பது என்பதை எழுதிக் கொடுப்பது சர்க்கார். தன் போலீசாரின் செய்கையைப் பற்றிய விசாரணைக்குத் தானே வினாத்தாள் தயாரிக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. வினா பெரும்பாலும் 'பலாத்காரப் பிரயோகம் அவசியமாயிருந்ததா?' என்ற உருவில்தான் அமையும். கமிஷன் முன் சொல்லும் சாட்சியத்தை, பொய்ச் சாட்சியம் என்ற குற்றத்துக்கு அல்லாமல், வேறெந்த வழக்கிலும் சொன்னவருக்கு விரோதமாக உபயோகிக்கக் கூடாது. அறிக்கையை நடவடிக்கைக் குறிப்புடன் 6 மாதத்துக்குள் சட்டசபையில் வைக்க வேண்டும். ஆனால் அதன் சிபாரிசு எதற்கும் சர்க்கார் கட்டுப்பட்டதல்ல. இவையாவது அடிக்கடி பேசப்படும் குறைகள். அதிகம் கவனிக்கப்படாத இன்னொன்று உண்டு. விசாரணையால் எவருடைய நற்பெயருக்குப் பங்கம் நேரக்கூடுமோ அவரைக் கேட்டே தீரவேண்டும் என்று அச்சட்டத்தின் 8பி பிரிவு சொல்கிறது. அத்தகையவரும் சர்க்காரும் வக்கீல் வைத்துக்கொள்ளவும், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யவும் 8சி பிரிவு உரிமை அளிக்கிறது. தடியை ஓங்கியவருக்கு நற்பெயர் உண்டு. ஆகவே அவருக்கு உரிமையும் உண்டு. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கோ அவ்வாறு கெட்டுப்போவதற்குப் பெயர் ஏதுமில்லையாதலால், சாட்சி சொன்ன பிறகு கமிஷனின் அனுமதி பெற்றே அவள் குறுக்குக் கேள்வி கேட்கலாம்.

தென்னாப்பிரிக்காவும் ஒரு காலத்தில் இதே வழியில்தான் சென்றது. 1960-ஆம் வருஷம் மார்ச் 21-ஆம் தேதி ஷார்ப்வில்லில், கறுப்பின மக்கள் நடமாட்டத்துக்குக் கட்டாயமாக்கப்பட்ட அனுமதிச் சீட்டை எதிர்த்துத் திரண்ட கூட்டத்தின் மீது போலீசார் சுட்டதில் 69 பேர் மாண்டனர். பலர் முதுகில் குண்டு பட்டவர்கள். நீதிபதி ஒருவர் விசாரித்தார். மறுவருஷமே, அந்நாளையும் உட்படுத்திப் பின்தேதியிட்டு, அதிகாரிகளைப் பாதுகாக்கும் சட்டம் நிறைவேறியது. நிறபேதக் கொள்கையும் நம் ஜாதி ஏற்பாடும் ஒன்றல்ல. இங்கே சட்டப் புத்தகம் சமத்துவம் பேசுகிறது, அங்கே சட்டப் புத்தகமே பேதத்தை விதித்தது. ஆயினும் சாவுக்குப் பின் நடக்கும் காரியங்களில் இரண்டு நாட்டு அதிகாரவர்க்கங்களும் வியக்கத்தக்க ஒற்றுமை காட்டின.

நிறபேத ஆட்சி வீழ்ந்தபின், 1995-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி ஆர்ச்பிஷப் டெஸ்மண்ட் டூட்டுவின் தலைமையில் உண்மை மற்றும் நல்லிணக்கக் கமிஷன் அமைந்தது. ஷார்ப்வில்லை விட்டுவிடாதிருக்கும்படி 1960 மார்ச் 1 முதலாக நடந்தவற்றை அது விசாரிக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது. இறந்தவரின் உறவினரையும் அவரை நம்பியிருந்தவர்களையும் பாதிக்கப்பட்டவர் என்றே அச்சட்டம் வரையறுத்ததால், சுமார் 21,000 பேர் தத்தம் பாஷையில் வாக்குமூலம் கொடுத்தார்கள். 1996 ஏப்ரலில் தொடங்கிய பகிரங்க விசாரணை வானொலியிலும் தொலைக்காட்சியிலும் வீடு வீடாகச் சென்றது. கணவன் எப்படி இறந்தான் என்று சொல்ல வந்தவளை அங்கே ஒரு போலீஸ் வக்கீல் மடக்கிக்கொண்டிருக்கவில்லை; அவள் சொன்னதே தஸ்தாவேஜாக ஏறியது.

அதைப் பொற்காலமாக நினைத்துவிட வேண்டாம். முழு உண்மையையும் ஒப்புக்கொண்டால் மன்னிப்பு என்ற ஏற்பாட்டைக் கொல்லப்பட்டோரின் குடும்பங்கள் பல வெறுத்தன. மன்னிப்புக் கேட்டவர் 7,000-க்கு மேல், பெரும்பாலோர் நிராகரிக்கப்பட்டனர், அவர்கள் மீது வழக்குத் தொடுக்கும் வேலையோ அநேகமாக நடக்கவேயில்லை. பாதிக்கப்பட்டவர்களுக்கு 6 வருஷம் உதவித் தொகை வழங்க வேண்டும் என்று கமிஷன் சிபாரிசு செய்தது. 2003-இல் சர்க்கார் கொடுத்தது ஆளுக்கு ஒரே தவணையாக 30,000 ராண்ட்.

மாண்டவர்களை மறந்துவிடுவது தாமிரபரணிக் கரைக்குப் புதிதல்ல. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைதான மறுநாள், 1908-ஆம் வருஷம் மார்ச் 13-ஆம் தேதி, திருநெல்வேலியில் கொதித்தெழுந்த ஜனங்கள் மீது நடந்த துப்பாக்கிப் பிரயோகத்தில் நால்வர் மாண்டனர். 1911-இல் மணியாச்சியில் சுடப்பட்ட கலெக்டர் ஆஷ் துரையின் பெயரை அறியாத பள்ளிக்கூடத்துப் பிள்ளை இந்த ஜில்லாவில் இல்லை. அந்த நால்வரில் ஒருவரது பெயரையாவது சொல்லக்கூடியவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ஆற்றின் முகத்துவாரத்துக்கு வடக்கே, தூத்துக்குடியில், 2018 மே மாதம் ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்தவர்கள் சுடப்பட்டு 13 பேர் மாண்டபோது நியமிக்கப்பட்ட நீதிபதி அருணா ஜெகதீசன் கமிஷன், மோகன் கமிஷனுக்கு நேர்மாறாக, போலீசார் மீதும் அன்றைய கலெக்டர் மீதும் குற்றம் கண்டு, நடவடிக்கை எடுக்கச் சொல்லிச் சிபாரிசும் செய்தது. அறிக்கை 2022-இல் சட்டசபைக்கு வந்தது. கமிஷன் தைரியமாகப் பேசினாலும், பேச்சைச் செய்கையாக்குவது சர்க்காரின் சித்தத்தைப் பொறுத்தது என்பதற்கு அதுவே உதாரணமாக நிற்கிறது.

25 வருஷம் கடந்த பிறகு மோகன் கமிஷன் முடிவை யார் மாற்றுவது என்று கேட்கலாம். தென்னாப்பிரிக்காவின் ஒரு வழக்கு இதற்கு விடை சொல்கிறது. ஜோகன்னஸ்பர்க் போலீஸ் தலைமையகத்தின் மாடியிலிருந்து 1971 அக்டோபரில் விழுந்து இறந்த நிறபேத எதிர்ப்பாளர் அஹமத் திமோல் தற்கொலை செய்துகொண்டார் என்று மறுவருஷம் ஒரு மாஜிஸ்டிரேட் தீர்மானித்தார். குடும்பத்தார் விடாது முயன்றதன் பேரில் விசாரணை மீண்டும் திறக்கப்பட்டு, 2017-இல் நீதிபதி பில்லி மோத்லே அது கொலை என்று தீர்ப்பளித்தார். நம் 1952-ஆம் வருஷத்துச் சட்டத்திலும் கதவு முற்றிலும் சாத்தப்படவில்லை. சட்டசபை தீர்மானம் நிறைவேற்றினால் சர்க்கார் கமிஷன் நியமித்தே ஆகவேண்டும் என்கிறது மூன்றாவது பிரிவு. விசாரணைக்குரிய விஷயங்களின் பட்டியலில், 'அன்று எவரெவர் எவரை இழந்தார்கள், அதன்பின் அவர்கள் கதி என்ன?' என்ற வினாவை முதலாவதாக எழுதுவதற்கும், உற்றாரை இழந்தவர்களுக்கு வக்கீல் வைக்கும் உரிமையைத் தொடக்கத்திலேயே வழங்குவதற்கும் எந்தச் சட்டமும் தடையில்லை. காலத்தை மட்டும் கவனிக்க வேண்டும்: குத்தகை முடிய இன்னும் சில வருஷம் இருக்கையிலேயே கம்பெனி 2024-இல் எஸ்டேட் வேலையை நிறுத்திவிட்டது; தொழிலாளர் தொடுத்த வழக்குகளையும் சென்னை ஹைகோர்ட் அந்த வருஷ இறுதியில் தள்ளுபடி செய்தது; 1999-இல் கொக்கிரகுளத்துக்கு மலையிலிருந்து இறங்கி வந்தவர்களில் உயிரோடிருப்பவர்களுக்கு இனி மாஞ்சோலை விலாசத்தில் சம்மன் அனுப்பிப் பயனிராது.