கடல் கடந்த சிப்பாயும் போர்க்காலச் செய்தித்தாளும்

நெய்யாறு கடலோடு கலக்குமிடத்தை அடுத்து அமைந்துள்ள ஊர் பொழியூர். அதற்கு வடக்கே நெய்யாற்றின்கரையும் வடகிழக்கே பாறசாலையும் உள்ளன. தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் கலந்து ஒலிக்கும் ஊர்கள் இவை. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் விளவங்கோடு தமிழகத்தோடும் நெய்யாற்றின்கரை கேரளத்தோடும் சேர்ந்தன. எல்லைக்கோட்டின் இருபுறமும் உறவினர் உள்ள குடும்பங்கள் பல. இத்தகைய குடும்பங்களில் பிறந்து, இன்று வேற்று மாநிலங்களில் வாழும் நேயர்கள் சிலரேனும், ‘தாத்தா பட்டாளத்துக்குப் போனார்’ என்ற ஒரு வரியை மட்டும் கேட்டு வளர்ந்திருப்பர். எந்தப் பட்டாளம், எந்தக் கடல், எந்தக் களம் என்று வினவினால் விடை கிடைப்பதில்லை. அப்போது நாம் முதலில் நாடுவது பழைய செய்தித்தாள். அதனை எவ்வளவு நம்பலாம் என்பதே இன்று நாம் ஆராயப்போகும் பொருள்.

செய்தித்தாளைப் பற்றிப் பேச நெய்யாற்றின்கரைக்குத் தனி உரிமை உண்டு. ‘சுதேசாபிமானி’ ஆசிரியர் ராமகிருஷ்ண பிள்ளை 1878இல் பிறந்தது அங்கேதான். திவானின் ஆட்சியைக் கண்டித்தெழுதியமையால் 1910 செப்டம்பரில் அவர் திருவிதாங்கூரினின்று நாடு கடத்தப்பட்டார், அச்சகமும் பறிமுதலாயிற்று. அச்சிட்டதை வாசிக்கும்போது, அச்சிட இயலாமற் போனதையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே அவர் வரலாறு நமக்குப் புகட்டும் பாடம்.

பிரிட்டிஷ் இந்தியாவிலும் நிலைமை வேறன்று. 1910ஆம் ஆண்டின் பத்திரிகைச் சட்டம் அரசு விரும்பியபோது ஈட்டுத்தொகை கேட்டது. அத்தொகை பறிபோகும் அச்சம் ஆசிரியர்களுக்கு இருந்தது. முதல் உலகப் போர் மூண்டபின் 1915இல் இந்தியப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்தது. வெளிநாட்டுப் போர்ச் செய்தி, தணிக்கையைத் தாண்டி ராய்ட்டர் தந்தியாக வந்து, ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கம் பெற்று, ‘சுதேசமித்திரன்’ போன்ற இதழ்களின் வாயிலாக வாசகரை அடைந்தது.

இத்தணிக்கையின் வலிமையை இரு நிகழ்ச்சிகளால் அளக்கலாம். 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்தது. நகரமே கண்ணால் கண்ட செய்தியை எவராலும் மறைக்க இயலவில்லை. ஆறு வாரங்களுக்குப் பின்னர், கிழக்கு ஆப்பிரிக்காவில் தாங்கா என்னும் துறைமுகத்தில் மற்றொரு நிகழ்ச்சி நேர்ந்தது. அது நம் கண்ணுக்கு எட்டாத தொலைவு.

அங்கே போரிட்ட பிரிவுகளுள் ஒன்று 63ஆவது பாளையங்கோட்டை இலகு காலாட்படை. சென்னை மாகாணப் படையைச் சேர்ந்த அது, நம் எல்லைக்கு அண்டையிலுள்ள பாளையங்கோட்டையின் பெயரைத் தாங்கியது. 1914 அக்டோபர் 16ஆம் நாள் பம்பாயிலிருந்து புறப்பட்ட கப்பல்களில் சுமார் 8,000 வீரர் சென்றனர். நெடுநாள் நெரிசலான கப்பல்வாசத்தாலும் கடல்நோயாலும் அவர்கள் நலிந்திருந்தனர். மொம்பாசாவில் இறக்கி இளைப்பாற்றலாம் என்ற யோசனையைத் தளபதி ஐட்கன் ஏற்கவில்லை. நகருக்கு முன்னறிவிப்புக் கொடுத்ததால் ஜெர்மானியத் தளபதி லெட்டோ-வோர்பெக் படைகளைத் திரட்ட அவகாசம் பெற்றார். நவம்பர் 4ஆம் நாள் ஏறத்தாழ 1,000 பேரே கொண்ட எதிர்ப்படையிடம் பிரிட்டிஷ்-இந்தியப் படை தோற்றது. பாளையங்கோட்டைப் படையும் சிதறிற்று. 800க்கும் மேற்பட்டோர் மாண்டும் காயமுற்றும் காணாமலும் போயினர்.

இத்தோல்விச் செய்தி உடனே வெளியிடப்படவில்லை. போர்க்களத்தில் கலைந்த தேனீக்கூட்டங்கள் இருதரப்பாரையும் கொட்டின. அதையே, ஜெர்மானியர் மறைகம்பிகள் கட்டித் தேன்கூடுகளைக் கலைத்துவிட்டனர் என்று பிரிட்டிஷ் பிரசாரம் திரித்துரைத்தது. தோற்றதன் பழி சிப்பாய்கள்மீது விழுந்தது. அவர்கள் கப்பலில் பட்ட பாட்டைப் பேசுவார் அரியர்.

ஆகவே பழைய செய்தித்தாள் பயனற்றது எனலாமா? அன்று. அதை வாசிக்கும் முறை வேண்டும். முதலாவது, நாள், இடம், கப்பல், படைப்பிரிவு ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். இவை பெரும்பாலும் உறுதியானவை. இரண்டாவது, வீரம், கோழைத்தனம், சூழ்ச்சி என்னும் அடைமொழிகளை ஐயத்தோடு நோக்க வேண்டும். மூன்றாவது, செய்தி நிகழ்ந்த நாளுக்கும் அச்சேறிய நாளுக்கும் இடையேயுள்ள மௌனத்தை அளக்க வேண்டும். அம்மௌனமே ஒரு சான்று.

பெயர் என்ற பொருளில் அந்த மௌனம் மிகக் கொடிது. செய்தித்தாள்களில் வெள்ளை அதிகாரிகளுக்குப் பெயர் இருந்தது. இந்தியச் சிப்பாய் பெரும்பாலும் எண்ணிக்கையாகவே நின்றான். கல்லிலும் இதே வேற்றுமை. பாஸ்ராவின் நினைவுச் சின்னத்தில் அதிகாரிகளின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. இந்தியச் சாதாரணச் சிப்பாய்கள் எண்ணிக்கையாகவே குறிக்கப்பட்டனர். முதல் உலகப் போரில் மாண்ட 45,000 முதல் 54,000 வரையிலானோர் சமமாக நினைவுகூரப்படவில்லை என்றும், அவர்களுள் இந்தியரும் ஆப்பிரிக்கரும் மிகுதி என்றும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021இல் ஏற்றுக்கொண்டது.

எனவே பிற சான்றுகளையும் துணைக்கொள்ள வேண்டும். பிரான்சில் போரிட்டவர்களின் கடிதங்களைத் தணிக்கையாளர் மொழிபெயர்த்து வைத்த பகுதிகள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன; அவற்றுள் மிகுதி வடமேற்கு இந்தியர் எழுதியவை. படைப்பிரிவுகளின் அன்றாடக் குறிப்பேடுகள் லண்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அனைத்திற்கும் முன்னதாக, வீட்டு டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். அப்போரில் வழங்கிய பதக்கத்தின் விளிம்பில் சிப்பாயின் எண், பெயர், படைப்பிரிவு ஆகியவை பொறிக்கப்படுவது வழக்கம். செய்தித்தாள் தராத பெயர் அந்த விளிம்பில் இருக்கக்கூடும். அதைக் கையில் வைத்துக்கொண்டு பழைய இதழைப் புரட்டினால், எண்ணிக்கையாய் நின்றவர் நம் வீட்டு மனிதராய் எழுந்து வருவார்.