ஆடினவர் ஆசானாதல்

காற்பந்தாட்டக்காரனது ஆட்டப் பருவம் மிகவும் குறுகியது. பிற தொழிலில் ஒருவன் தேர்ச்சியுற்றுத் தலையெடுக்கும் முப்பத்தைந்து வயதளவில், இவன் களத்தினின்றும் விடைபெறுகின்றான். ஆரவாரம் அடங்கியபின் அவன் செய்யத்தக்கது யாது? அவன் கற்ற வித்தை அவனோடு ஒழிவதா, பிறர்க்குப் பயன்படுவதா? இவ்வினாவிற்கு விடையாய் அமைந்ததொரு வாழ்க்கையை ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றேன்.

பீட்டர் தங்கராஜ் 1935-ஆம் ஆண்டில் ஹைதராபாத்தில் பிறந்தவர். 1953-இல் இராணுவத்திற் சேர்ந்து, மதராஸ் ரெஜிமெண்ட் மையத்தின் குழுவில் ஆடினார். தொடக்கத்தில் அவர் முன்னணியில் நின்று பந்தடித்தவர், பின்னரே கோல்காவலரானார். அம்மையத்தின் குழு 1955, 1958 ஆகிய ஈராண்டுகளிலும் டூரண்ட் கோப்பையை வென்றது. மெல்போர்னில் 1956-இலும், ரோமாபுரியில் 1960-இலும் நிகழ்ந்த ஒலிம்பிக் பந்தயங்களுக்குச் சென்ற இந்தியக் குழுக்களில் அவர் இடம்பெற்றார். கல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்னும் மூன்று கழகங்களுக்கும் ஆடினார். 1967-இல் அர்ஜுனா விருது அவரை அடைந்தது.

1962-இல் ஜகார்த்தாவில் ஆசியப் பந்தயத் தங்கம் வென்ற குழுவிலும் அவர் இருந்தார். ஓசூருக்கு அண்மையதாகிய பெங்களூரின் அருமைநாயகமும் அக்குழுவினரே. அவர்கட்குப் பயிற்சியாளர் சையது அப்துல் ரஹீம் என்பார். பள்ளி ஆசிரியராய் இருந்தவர். தலையில் காயமுற்றிருந்த தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கை அவர் முன்னணிக்கு மாற்றினார். இறுதியாட்டத்தில் தென் கொரியாவை இந்தியா 2–1 என வென்றபொழுது, ஒரு கோல் அந்த ஜர்னைல் சிங் அடித்ததேயாம். ஆட்டக்காரன் தன்னிடத்தே காணாததைப் பயிற்சியாளன் காண்கின்றான் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நிற்க. ஆட்டத்தினின்றும் ஓய்வு பெற்ற தங்கராஜ், தாமும் பயிற்சியாளரானார். கோவாவில் வாஸ்கோ கழகத்திற்குப் பயிற்சி அளித்தார். பின்னர்ப் போகாரோ உருக்காலை நகரில் இளைஞர்களைப் பழக்கி வாழ்ந்தார். 2008 நவம்பர் 24-ஆம் நாள் அந்நகரிலேயே காலமானார்.

நன்கு ஆடத் தெரிந்தவனுக்குக் கற்பித்தல் எளிதன்றோ எனச் சிலர் கருதுவர். அஃது அன்று. ஒரு சான்று கூறுவேன். கோலின் அகலம் 24 அடி. உயரம் 8 அடி. கோட்டின்மீதே நிற்கும் காவலனுக்கு இருபுறமும் வெளி மிகுதி. எதிரி தனித்துப் பந்துடன் நெருங்குங்கால் சில அடி முன்னேறிச் சென்றால், எதிரியின் கண்ணுக்குக் கோல் குறுகித் தோன்றும். எனினும் மிகுதியாக முன்னேறினால் பந்து தலைக்குமேற் போய்விடும். எத்துணை அடி, எக்கணத்தில் என்பதைத் தேர்ந்த காவலனது உடல் அறியும். அவன் எண்ணிச் செய்வதில்லை. ஆசானாகிய பின்னரோ, எண்ணாது செய்ததைப் பகுத்தெண்ணிச் சொல்லாக்க வேண்டும். தன் கை நீளத்தைக் குட்டையான சிறுவனிடம் எதிர்பார்த்தல் கூடாது. புகழ் பெற்ற பலர் ஆசானாய்த் தோற்பது இவ்விடத்தேயாம். ஆகவேதான் இந்நாளில் பயிற்சியாளர்க்குத் தனிப் பாடமும் தேர்வும் உண்டு. டி, சி, பி, ஏ, ப்ரோ எனப் படிப்படியாக உரிமம் பெறுதல் வேண்டும்.

யான் ஓசூரைச் சார்ந்தவன். எங்கள் ஊர் ஆலைகள் நிறைந்தது. என் தமையனார் இளமையில் விரைந்தோடும் முன்னணி ஆட்டக்காரர். ஆலையில் வேலைக்குச் சேர்ந்த சில ஆண்டுகளில் முழங்கால் பழுதுற்று ஆட்டத்தை விட்டார். "அண்ணனுடைய ஆட்டம் முடிந்தது" என்று அன்று யான் வருந்தியதுண்டு. இன்றோ ஞாயிறுதோறும், இரவு முறை வேலை முடித்த கண் எரிச்சலோடு, ஏரிக்கரையில் இருபது சிறுவர்க்குப் பந்தடிக்கக் கற்பிக்கின்றார். தமிழ் பேசுவோர், தெலுங்கு பேசுவோர், கன்னடம் பேசுவோர் எனச் சிறுவர் மூவகையினர். அவர் மும்மொழியும் கலந்து விளக்குவார். ஒருநாள் யான், "அண்ணா, ஆட முடியவில்லையே என்ற ஏக்கம் இல்லையா?" என வினவினேன். "அப்பொழுது ஒரு பந்தைத்தான் பார்த்தேன் தம்பி, இப்பொழுது இருபது பிள்ளைகளைப் பார்க்கிறேன்" என்றார்.

போகாரோவும் ஆலை நகரமே. அங்கே இராணுவ வீரரும் ஒலிம்பிக் ஆட்டக்காரருமான ஒருவர் தம் முதுமையை இளைஞர்க்கு ஈந்தார். நம் ஆலை நகரங்களிலும் ஆடி ஓய்ந்தோர் பலர் உளர். அவர்களுக்கு ஒரு மைதானமும், உரிமப் பயிற்சிக்குரிய பொருளுதவியும், வாரத்தில் ஓரிரு மாலை ஓய்வும் கிடைப்பின், அவர் கற்றது வீணாகாது. களத்தில் நின்று வென்றோரை நாம் அறிவோம். களத்தின் ஓரத்தில் நின்று பிறரை வெல்லச் செய்வோரையும், நண்பர்காள், அறிந்து போற்றுவோமாக.