விடுமுறைப் பிரயாணிகளுக்கு ஒரு வேண்டுகோள்

மார்கழி பிறந்து சில நாட்களில் கோர்ட்டுகளுக்குக் கிறிஸ்துமஸ் விடுமுறை வந்துவிடுகிறது. துரைகள் போய்விட்டார்கள், அவர்கள் வைத்துச் சென்ற விடுமுறை போகவில்லை. அதைப்பற்றி வக்கீல்களாகிய நமக்கு வருத்தமும் இல்லை. வசதியுள்ளவர்கள் இந்நாட்களில் குடும்ப சகிதம் விமானம் ஏறி, லண்டன் வரையில் போய்வருகிறார்கள். பாலத்தையும் அரண்மனையையும் பார்த்துப் படம் பிடித்துக்கொண்டு திரும்புகிறார்கள். அதை நாம் குறை கூற வரவில்லை. ஆனால் தேனியிலிருந்தும் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் போகிறவர்களிடம் ஒரு விஷயம் சொல்ல விரும்புகிறோம்.

லண்டனுக்குத் தென்மேற்கே கேம்பர்லி என்று ஓர் ஊர் இருக்கிறது. பெரியாறு அணையைக் கட்டிய என்ஜினீயர் ஜான் பென்னிகுயிக் 1911ஆம் வருஷம் காலமானது அவ்வூரில்தான். 2022இல் தமிழக அரசாங்கத்தார் அங்கே அவருக்கு ஒரு சிலை வைத்தார்கள். நமது ஜனங்களின் உணவோடு சம்பந்தப்பட்ட ஒருவர் அங்கிருக்க, மெழுகுப் பொம்மைகளைப் பார்த்துவிட்டுத் திரும்புவது அழகல்ல.

மேற்கே ஓடிக் கடலில் கலக்கும் ஆற்றை மலையிடுக்கில் மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பி, வைகையோடு சேர்த்த வேலை அது. 1887இல் தொடங்கி 1895இல் முடிந்தது. சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு எழுப்பிய அணை வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போவதும், மறுபடி எழுப்புவதுமாக வருஷங்கள் கழிந்தன. மனைவியின் சொத்தை விற்று அவர் அணையைக் கட்டினார் என்று ஒரு கதை வழங்குகிறது. கோர்ட்டில் செல்லக்கூடிய சாட்சியம் எதுவும் அதற்கு நாம் கண்டதில்லை. கதையில்லாமலே அவர் பெருமை நிற்கும்.

ஒரு வெள்ளைக்காரருக்கு வணக்கம் செலுத்துவது அடிமை மனப்பான்மையல்லவா என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். இந்த ஆற்றைத் திருப்பும் யோசனை ஆங்கிலேயர் மூளையில் முதலில் உதித்ததல்ல. 1789ஆம் வருஷத்திலேயே ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை மலைக்கு ஆட்களை அனுப்பிப் பார்க்கச் செய்தார். பணமில்லாததால் அது நின்றுபோயிற்று. 1876ஆம் வருஷத்துப் பஞ்சத்தில் ஜனங்கள் மடிந்த பிறகுதான் சர்க்காருக்கு இதில் தீவிரம் பிறந்தது. தண்ணீர்த் தீர்வை வரும் என்ற கணக்கையும் அவர்கள் மறக்கவில்லை. திருவாங்கூரோடு 1886இல் செய்துகொண்ட குத்தகை 999 வருஷத்துக்கு! இப்படி எழுதத் துணிந்தவர்கள் நம் தொழில்காரர்களாகத்தான் இருக்கவேண்டும். அந்தக் காட்டில் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் இரையான கூலிகளுக்கு எந்த ஊரிலும் சிலையில்லை. பென்னிகுயிக்கின் சிலைமுன் நிற்பவர்கள் பிரதானியையும் அந்தக் கூலிகளையும் சேர்த்து நினைத்தால், அது அடிமைத்தனமாகாது, கடன் தீர்ப்பதாகும்.

லண்டன் போக வசதியில்லாதவர்கள் தேக்கடிக்குப் போகிறார்கள். இயற்கை அளித்த ஏரி என்று எண்ணியே பலர் அங்கே படகேறுகிறார்கள். நீரின் நடுவே கரிய அடிமரங்கள் நிற்பதைக் கண்டு யாரேனும் காரணம் விசாரிக்கிறார்களா? அணை கட்டியபோது மூழ்கிய காட்டின் மிச்சம் அது. அந்த நீரே குமுளி மலைக்குக் கீழே இறங்கிக் கூடலூரிலும் கம்பத்திலும் இருபோக நெல்லாகிறது. அதற்கப்பால் மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் சீமைகளுக்கும் போகிறது. அங்குள்ள குடியானவர்களுக்கு அணையின் நீர்மட்டம் எத்தனை அடி என்பது தினசரிச் செய்தி. 142 அடி வரை நீர் தேக்கலாமென்று சுப்ரீம் கோர்ட்டார் 2014இல் தீர்ப்பளித்தபோது அவர்கள் அடைந்த மகிழ்ச்சி கொஞ்சமல்ல.

பென்னிகுயிக் பிறந்தது 1841, ஜனவரி 15. நமது பொங்கலையொட்டி வரும் நாள். லோயர் காம்ப்பில் 2013இல் திறந்த அவரது மணிமண்டபத்தில் அன்று கிராமத்தார் பொங்கலிடுகிறார்கள். வெளிநாடு போகிறவர்கள் அதற்குள் ஊர் திரும்பும்படி டிக்கெட் வாங்கிக்கொள்ளட்டும். கேம்பர்லியில் எடுத்த படத்தைக் கையோடு கொண்டுவந்தால், லோயர் காம்ப்பில் அதைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் நிறைய இருப்பார்கள்.